ஃபார்மட்டா, அப்கிரேடா? விண்டோஸ் மாத்தப் போறவங்க முதல்ல பாக்க வேண்டியது

நம்ம பக்கம் கம்ப்யூட்டர் ஸ்லோ ஆயிடுச்சுன்னு யாருகிட்ட சொன்னாலும் முதல் பதில் "ஃபார்மட் போட்டுடலாம்"தான். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை எங்க போனாலும் இதேதான், என்ன கோளாறுன்னுகூட கேக்க மாட்டாங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை முடிச்சதுல இருந்து இந்தப் பேச்சு இன்னும் ஜாஸ்தி, எல்லாரும் 11க்கு மாறணும்கறாங்க, ஆனா இருக்கறது மேலயே ஏத்தறதா இல்ல மொத்தத்தையும் அழிச்சுட்டு புதுசா போடறதான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என் கணக்கு வேற. எது வேகம் எது சுத்தம்ங்கறதை அப்பறம் பாத்துக்கலாம், உங்க மெஷின்ல திரும்ப இன்ஸ்டால் பண்ண முடியாத சாமான் என்னென்ன இருக்குன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க, பாதி முடிவு அந்தப் பேப்பர்லயே வந்துடும்.

அப்கிரேடுன்னா வீட்டுல குடியிருந்துகிட்டே ஓடு மாத்தறது. உங்க ஃபைல், சாஃப்ட்வேர், பிரிண்டர் செட்டிங் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும், கீழ இருக்கற விண்டோஸ் மட்டும் மாறும். கிளீன் இன்ஸ்டால்னா டிஸ்க்குல விண்டோஸ் இருந்த பகுதியை அழிச்சுட்டு பென்டிரைவ்ல இருந்து புதுசா போடறது, அதைத்தான் நாம ஃபார்மட் போடறதுன்னு சொல்றோம். நடுவுல "ரீசெட் திஸ் பிசி"ன்னு ஒண்ணு செட்டிங்ஸ்லயே இருக்கு, அதுல ஃபைலை வச்சுக்கோன்னு சொன்னா ஃபைல் இருக்கும், நீங்க போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போயிடும். அது கிட்டத்தட்ட ஃபார்மட்தான், அதே பேக்கப் வேலை அதுக்கும் உண்டு.

யாருக்கு எது

மெஷின் நல்லா ஓடுது, விண்டோஸ் ஒரிஜினல், அதுல டாலி இருக்கு, பேஜ்மேக்கர் இருக்கு, பேஜ்மேக்கர் சிடி எங்க போச்சுன்னே தெரியாது, கல்யாணப் பத்திரிகை அடிக்கற கடைன்னா பழைய ஃபைல் ஆயிரக்கணக்குல கிடக்கு, அப்படின்னா அப்கிரேட் பண்ணுங்க, ஃபார்மட் பக்கமே போகாதீங்க.

வைரஸ் வந்துடுச்சு, பிரவுசரைத் திறந்தா சம்பந்தமில்லாத விளம்பரமா வருது, இல்ல யாரோ கிராக் போட்டு ஆக்டிவேட் பண்ணிக் குடுத்த விண்டோஸ், இல்ல வேற ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்குனதுன்னா கிளீன் இன்ஸ்டால்தான். அப்கிரேட் பண்ணா அந்தக் குப்பையும் கூடவே ஏறி வரும்.

சில பேருக்கு சாய்ஸே கிடையாது. விண்டோஸ் 7 வச்சிருக்கறவங்க நேரா 11க்கு அப்கிரேட் பண்ண முடியாது. 32 பிட் விண்டோஸ் 10 வச்சிருந்தாலும் முடியாது, ஏன்னா 11 வர்றதே 64 பிட்ல மட்டும்தான். இவங்க ரெண்டு பேரும் புதுசாத்தான் போட்டாகணும்.

இன்னொண்ணு, ஸ்லோவா இருக்குங்கறதுக்காக மட்டும் ஃபார்மட் போடப் போறீங்கன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க. உள்ள சுத்தற பழைய ஹார்ட் டிஸ்க்கா (எச்டிடி) இல்ல சுத்தாம சிப்லயே ஓடற வேகமான எஸ்எஸ்டியான்னு பாருங்க. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் போயி டிஸ்க் மேல கிளிக் பண்ணா அங்கயே எழுதியிருக்கும். எச்டிடின்னு இருந்தா எத்தனை தடவை ஃபார்மட் போட்டாலும் கொஞ்ச நாள்ல பழையபடிதான் ஆகும், ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்க, அதுக்கப்பறம் ஃபார்மட் வேணுமான்னு யோசிங்க. அந்த எஸ்எஸ்டில புதுசா விண்டோஸ் போட்டுக்கிட்டு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடாம அப்படியே எடுத்து வச்சா அதுவே ஒரு பேக்கப்பும் ஆச்சு.

மெஷின் 11க்குத் தாங்குமா

விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேத்து அழுத்துனா சின்னப் பெட்டி ஒண்ணு வரும், அதுல winverனு டைப் பண்ணா இப்ப என்ன வெர்ஷன்னு காட்டும். 11க்கு குறைஞ்சது 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப், பூட் ஆகும்போது கள்ள சாஃப்ட்வேர் நுழையாம பாக்கற செக்யூர் பூட் வசதி வேணும். பிராசஸர் இன்டெல்னா பொதுவா 8வது தலைமுறைக்கு மேல, ஏஎம்டின்னா ரைசன் 2000 சீரிஸ்க்கு மேல. 4 ஜிபில ஓடும்னு அவங்க சொல்றாங்க, ஆனா குரோம்ல நாலு டேப் திறந்தா திணறும், 8 இல்லாம இறங்காதீங்க. இதெல்லாம் தனித்தனியா தேட வேண்டாம், மைக்ரோசாஃப்டோட பிசி ஹெல்த் செக்னு ஒரு சின்ன ஆப் இருக்கு, போட்டா தேறுமா தேறாதா, எதுல இடிக்குதுன்னு சொல்லிடும்.

அசெம்பிள்டு டெஸ்க்டாப் வச்சிருக்கறவங்களுக்கு டிபிஎம் இல்லைன்னு காட்டுனா பயப்படாதீங்க, நிறைய போர்டுல அது ஆஃப்ல இருக்கும் அவ்வளவுதான், பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடற போர்டோட செட்டிங்) உள்ள போனா இன்டெல்னா பிடிடின்னும் ஏஎம்டின்னா எஃப்டிபிஎம்னும் பேரு போட்டிருக்கும், ஆன் பண்ணா முடிஞ்சுது. ஆனா பயாஸ்ல பூட் ஆகற முறை பழைய லெகசி மோடுன்னு இருக்கறதைப் புது முறையான யூஇஎஃப்ஐன்னு மாத்துனீங்கன்னா இப்ப இருக்கற விண்டோஸ் பூட் ஆகாது. ஆகலைன்னா பதறாம திரும்ப லெகசின்னு வச்சா பழையபடி வந்துடும். டிஸ்க்கை அழிக்காம புது முறைக்கு கன்வெர்ட் பண்றதுக்கு விண்டோஸ்லயே கமாண்ட் இருக்கு, ஆனா புதுசா கத்துக்கறவங்களுக்கு இந்த நிலைமையில பேக்கப் எடுத்துட்டு கிளீன் இன்ஸ்டால் பண்றதுதான் தலைவலி கம்மி.

நாள் பாக்கறது

ராகு காலத்தைச் சொல்லல. கணக்கு எழுதற ஆபீஸ்னா மாசம் 11ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ம் தேதி 3பி, அந்தத் தேதிகளுக்கு முன்னாடி நாலு நாள் மெஷின்ல கை வைக்காதீங்க. செராக்ஸ் கடை, இ-சேவை மையம்னா நவம்பர்ல சம்பா பயிர்க் காப்பீடு கட்டற கூட்டம், கொள்முதல் நிலையம் திறந்ததும் சிட்டா அடங்கல் எடுக்க வர்ற கூட்டம், அந்த வாரங்கள்ல வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கரண்ட். மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கு நிறுத்துவாங்க, எந்தத் துணை மின் நிலையம் எந்த நாள்னு பேப்பர்லயே வரும், பாத்துட்டு ஆரம்பிங்க. ஐப்பசி கார்த்திகையில மழை பிடிச்சுக்கிட்டா எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. லேப்டாப்னா பேட்டரி ஃபுல், சார்ஜரும் குத்தியிருக்கணும், டெஸ்க்டாப்னா யூபிஎஸ் கட்டாயம். அப்கிரேட் நடுவுல கரண்ட் போனா பெரும்பாலும் விண்டோஸ் தானா பழைய நிலைக்குத் திரும்பிக்கும், ஆனா எப்பவும் அந்த அதிர்ஷ்டம் இருக்கும்னு சொல்ல முடியாது. பயாஸ் அப்டேட் ஓடும்போது போச்சுன்னா போர்டே போயிடலாம், அதனால யூபிஎஸ் இல்லாம பயாஸ் அப்டேட் மட்டும் தொடவே தொடாதீங்க.

நெட்டும் பாத்துக்கங்க. டவுன்லோடே 5 ஜிபிக்கு மேல வரும், தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருக்கற போன்ல ஹாட்ஸ்பாட் வச்சு இறக்க முடியாது, ஃபைபர் இருக்கற சொந்தக்காரங்க வீட்டுல போயி பென்டிரைவ்ல இறக்கிட்டு வந்துடுங்க.

பேக்கப், இதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க

அப்கிரேடா இருந்தாலும் பேக்கப் எடுக்கணும். "எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு தம்பி"ன்னு சொல்றாங்க பாருங்க, சியும் டியும் ஒரே டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சதுதான், டிஸ்க் போனா ரெண்டும் சேந்து போகும். வெளிய ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல எடுங்க, எடுத்ததை வேற ஒரு கம்ப்யூட்டர்ல குத்தி நாலு ஃபைலைத் திறந்தும் பாருங்க.

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோ இதெல்லாம் எல்லாரும் எடுத்துடுவாங்க. விட்டுப்போறது வேற. தமிழ் ஃபான்ட்டைப் பத்தி முதல்ல சொல்றேன், ஏன்னா நம்ம ஊரு டிடிபி கடைகள்ல அதிகம் அடிபடறது அதுதான். வானவில், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச மனுவும் பத்திரமும் வேர்டுல கிடக்கும், ஃபான்ட் இல்லாம அதைத் திறந்தா தமிழே தெரியாது, இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கலந்து புரியாத மாதிரி வரும், ஃபைலே கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழிச்சவங்களும் உண்டு. ஃபைல் கெடல, ஃபான்ட்தான் இல்ல. அதனால சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மொத்தமா காப்பி பண்ணி வச்சுக்கங்க. எந்தக் கீபோர்டு சாஃப்ட்வேர்ல அடிக்கறீங்களோ அதோட செட்டப் ஃபைலும் வேணும்.

டாலி வச்சிருந்தா கம்பெனி செலக்ட் பண்ற ஸ்க்ரீன்லயே டேட்டா எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு காட்டும், உள்ள போனா 10000, 10001னு நம்பர் பேர்ல ஃபோல்டர் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு கம்பெனி, அதை அப்படியே காப்பி எடுங்க, டாலிக்குள்ள இருந்தும் ஒரு பேக்கப் எடுங்க. ஃபார்மட் போடறதா இருந்தா லைசென்ஸை முன்னாடியே சரண்டர் பண்ணிடணும், அழிச்சதுக்கப்பறம் ஞாபகம் வந்தா கஸ்டமர் கேருக்கு அலைய வேண்டியிருக்கும். டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கற யூஎஸ்பி) பயன்படுத்தறவங்க அதோட டிரைவர், கையெழுத்துப் போட வைக்கற எம்சைனர் செட்டப் ரெண்டையும் எடுத்து வைங்க. குரோம்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு எல்லாம் ஜிமெயில்ல சிங்க் ஆகுதான்னு பாருங்க, ஆகலைன்னா எக்ஸ்போர்ட் பண்ணிக்கங்க. அந்த ஃபைலை யாரு திறந்தாலும் பாஸ்வேர்டு அப்படியே தெரியும், வேலை முடிஞ்சதும் அழிச்சுடணும். வைஃபை டிரைவர், பிரிண்டர் டிரைவர் ரெண்டையும் லேப்டாப் கம்பெனி, பிரிண்டர் கம்பெனி சைட்ல இருந்து முன்னாடியே இறக்கி வைங்க, பழைய லேசர் பிரிண்டரா இருந்தா 11க்கு டிரைவர் இருக்கான்னு பாத்துட்டே ஆரம்பிங்க.

கடைசியா பிட்லாக்கர், டிஸ்க்கையே பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. செட்டிங்ஸ்ல தேடுனா ஆன்ல இருக்கா இல்லையான்னு தெரியும். ஆன்ல இருந்தா 48 இலக்கத்துல ஒரு ரெக்கவரி கீ உண்டு, உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும், அதை நோட்டுல எழுதி வைங்க, அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே சேவ் பண்ணி வச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. பயாஸ்ல ஏதாவது மாத்துனாலே நீல ஸ்க்ரீன் வந்து அந்தக் கீயைக் கேக்கும், இல்லைன்னா டேட்டா அவ்வளவுதான்.

அப்கிரேட் பண்றது

வேற கம்பெனி ஆன்டிவைரஸ் இருந்தா எடுத்துடுங்க. பிரிண்டர், பென்டிரைவ், டோக்கன் எல்லாத்தையும் கழட்டுங்க, மவுஸ் கீபோர்டு போதும். சி டிரைவ்ல 30 ஜிபியாவது காலி இருக்கட்டும். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் போனா 11 ரெடின்னு காட்டுனா அங்கயே குடுத்துடலாம், காட்டலைன்னா மைக்ரோசாஃப்ட் சைட்ல இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் இறக்கி ஓட்டுங்க.

ஐஎஸ்ஓ ஃபைல் (மொத்த விண்டோஸ் செட்டப்பும் ஒரே ஃபைலா இருக்கறது) இறக்கி வச்சிருந்தா அதை டபுள் கிளிக் பண்ணி செட்டப்பை ஓட்டணும், பூட் பண்ணக் கூடாது, விண்டோஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஓட்டணும். இன்ஸ்டால் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எதை வச்சுக்கப் போகுதுன்னு காட்டும், அதை மாத்தற லிங்க்கைத் தட்டிப் பாத்தா பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்ங்கறதுல புள்ளி இருக்கணும். அந்த வரி மங்கலா, கிளிக் பண்ண முடியாம இருந்தா மேல போகாதீங்க, கேன்சல் பண்ணுங்க. உங்க விண்டோஸ் அமெரிக்கன் இங்கிலீஷ், இறக்குன ஐஎஸ்ஓ இன்டர்நேஷனல் இங்கிலீஷ்னு இருந்தாலே அப்படி ஆகும், சரியான மொழியில இறக்குனா சரியாயிடும்.

அப்பறம் அதுபாட்டுக்கு ஓடும், பல தடவை ரீஸ்டார்ட் ஆகும், ஹார்ட் டிஸ்க்னா சாயங்காலம் வரைக்கும்கூட ஆகலாம், ஒரே சதவீதத்துல நிக்குதேன்னு பவர் பட்டனை அழுத்தாதீங்க. முடிஞ்சதும் எல்லா சாஃப்ட்வேரையும் ஒரு தடவை திறந்து பாருங்க, ஒரு பிரிண்ட் எடுங்க, டோக்கன் குத்தி லாகின் பண்ணுங்க. பிடிக்கலைன்னா 10 நாளைக்குள்ள செட்டிங்ஸ்ல ரெக்கவரி போயி கோ பேக் குடுத்தா பழைய விண்டோஸ் வந்துடும். 10 நாள் தாண்டுனா விண்டோஸ் ஓல்டுங்கற ஃபோல்டர் தானா அழிஞ்சுடும், அதுக்கு முன்னாடி இடம் அடைக்குதுன்னு நீங்களா அழிச்சுடாதீங்க.

கிளீன் இன்ஸ்டால் பண்றது

8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு, அதுல இருக்கறது எல்லாம் அழிஞ்சுடும். மைக்ரோசாஃப்டோட மீடியா கிரியேஷன் டூல் இறக்கி ஓட்டுனா அதுவே பூட் பென்டிரைவ் ஆக்கிக் குடுத்துடும். சைட்டு மைக்ரோசாஃப்டோடதான்னு பாருங்க, கடையில காப்பி பண்ணி வச்சிருக்கற விண்டோஸை வாங்கிப் போடாதீங்க, உள்ள என்ன சொருகியிருக்குன்னு யாருக்கும் தெரியாது.

பென்டிரைவ் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை. திஸ் பிசியைத் திறந்து டி டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி ரீநேம் குடுத்து இங்கிலீஷ்ல தொடாதேன்னு பேரு வைங்க. எதுக்குன்னா, இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க் செலக்ட் பண்ற ஸ்க்ரீன்ல சி, டின்னு எழுத்தே வராது, டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2னு வரிசையாத்தான் வரும், ஆனா நீங்க வச்ச பேரு அதுக்குப் பக்கத்துல தெரியும். சி எத்தனை ஜிபி, டி எத்தனை ஜிபின்னும் பேப்பர்ல எழுதிக்கங்க. ரெண்டு டிஸ்க் இருக்கற டெஸ்க்டாப்னா பவரை ஆஃப் பண்ணிட்டு டேட்டா டிஸ்க்கோட கேபிளைக் கழட்டி வச்சுடறதுதான் நிம்மதி.

ஆன் பண்ணதும் பூட் மெனு வர்ற பட்டனைத் தட்டிக்கிட்டே இருங்க. டெல், லெனோவோ, ஏசர்ல எஃப்12, எச்பில எஃப்9, ஆசுஸ் லேப்டாப்ல எஸ்கேப். ஏசர்ல சிலதுல எஃப்12ஐ பயாஸ்ல போயி ஆன் பண்ணாத்தான் வேலை செய்யும். பென்டிரைவைச் செலக்ட் பண்ணுங்க. புது வெர்ஷன் செட்டப்ல ஆரம்பத்துலயே ஃபைல், ஆப், செட்டிங் எல்லாம் அழியும் சம்மதமான்னு ஒரு டிக் கேக்கும், அதைப் பாத்து நிறைய பேரு டியும் போயிடுமோன்னு கையை எடுத்துடறாங்க, எந்தப் பார்ட்டிஷனை அழிக்கறதுன்னு பின்னாடி வர்ற ஸ்க்ரீன்ல நீங்கதான் முடிவு பண்ணப் போறீங்க. ப்ராடக்ட் கீ கேட்டா என்கிட்ட இல்லைன்னு குடுங்க, அதே மெஷின்ல ஏற்கனவே ஒரிஜினலா ஆக்டிவேட் ஆகியிருந்தா நெட் வந்ததும் தானா ஆயிடும். எடிஷன் கேட்டா முன்னாடி இருந்ததையே குடுக்கணும், ஹோம் இருந்த மெஷின்ல ப்ரோ போட்டா ஆக்டிவேட் ஆகாது.

பார்ட்டிஷன் லிஸ்ட் வந்ததும் பேப்பரைக் கையில எடுத்துக்கங்க. பழைய சி எதுவோ அதை மட்டும் டெலிட் பண்ணி, அன்அலோகேட்டட்னு வர்ற இடத்தைச் செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் குடுங்க. 100 எம்பி, 16 எம்பின்னு குட்டி குட்டியா இருக்கறதை விட்டுடுங்க. டிஸ்க் முழுசும் காலி பண்ணலாம், எல்லாம் பேக்கப்ல இருக்குன்னா எல்லாத்தையும் டெலிட் பண்ணி ஒரே இடமா ஆக்கிக் குடுங்க, அதுதான் சுத்தம். லிஸ்ட்ல டிஸ்க்கே வரலைன்னா டிஸ்க் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல, இன்டெல் 11வது தலைமுறைக்கு அப்பறம் வந்த நிறைய லேப்டாப்ல விஎம்டின்னு இன்டெல்லோட டிஸ்க் வசதி ஒண்ணு ஆன்ல இருக்கும், கம்பெனி சைட்ல இருந்து ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி பென்டிரைவ்ல வச்சு லோட் டிரைவர் குடுத்தா வந்துடும்.

முதல் ரீஸ்டார்ட்ல திரும்ப செட்டப்பே வந்தா பென்டிரைவைப் பிடுங்கிடுங்க. ஹோம் எடிஷன்ல நெட் கேக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டும் கேக்கும். வைஃபை காட்டலைன்னா போனை யூஎஸ்பி கேபிள்ல குத்தி டெதரிங் ஆன் பண்ணுங்க, பெரும்பாலும் உடனே எடுத்துக்கும்.

உள்ள வந்ததும் முதல்ல விண்டோஸ் அப்டேட்டைத் திரும்பத் திரும்பக் குடுத்து இனிமே ஒண்ணும் இல்லைங்கற வரைக்கும் ஓட்டுங்க, பாதி டிரைவர் அதுலயே வந்துடும். டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் இருக்கறதுக்கு மட்டும் கம்பெனி டிரைவர் போடுங்க. டிரைவர் அப்டேட்டர்னு விளம்பரம் வர்ற சாஃப்ட்வேர் எதையும் போட்டுடாதீங்க. அப்பறம் ஃபான்ட், டாலி, பிரிண்டர். தமிழ் கீபோர்டு 11லயே தமிழ் 99, அஞ்சல் ரெண்டும் இருக்கு, யூனிகோடுல அடிக்கறவங்களுக்கு தனியா எதுவும் தேவையில்ல. பிட்லாக்கரையும் திரும்ப ஒரு தடவை பாருங்க, இப்ப வர்ற வெர்ஷன்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டதும் நீங்க கேக்காமலே ஆன் ஆயிடுது, புதுக் கீ எழுதி வைங்க.

தேறாத மெஷினுக்கு

பழைய அரசு இலவச லேப்டாப்பை இன்னும் வச்சிருக்கற வீடு நம்ம பக்கம் நிறைய உண்டு, 2 ஜிபி ரேம் மாடல்ல 11ஐ நினைச்சே பாக்காதீங்க. செக்கிங்கை ஏமாத்திப் போடற வழி பூட் பென்டிரைவ் ஆக்கற ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர்ல இருக்கு, வீட்டுல பசங்க பழகறதுக்குன்னா போட்டுக்கங்க, பில் போடற கடை மெஷின்ல வேண்டாம், ரொம்பப் பழைய பிராசஸர்ல விண்டோஸ் 11ஓட 24எச்2 வெர்ஷன்ல இருந்து பூட்டே ஆகாது. விண்டோஸ் 10லயே இருக்கணும்னா இஎஸ்யூங்கற மைக்ரோசாஃப்டோட கூடுதல் அப்டேட் திட்டத்துல சேந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். 4 ஜிபி ரேம் இருந்து வேலையெல்லாம் பிரவுசர்லதான்னா விண்டோஸுக்குப் பதிலா ஓடற லினக்ஸ் மின்ட் பாருங்க, 22 சீரிஸுக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவ்ல இருந்து ஓட்டி பிரிண்டர் எடுக்குதா, வைஃபை எடுக்குதான்னு பாத்துக்கலாம். டாலி, டிஎஸ்சி இருக்கறவங்களுக்கு இது ஆகாது.

எந்த வழியில போனாலும் பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கை அடுத்த ரெண்டு மாச ரிட்டர்ன் ஃபைல் பண்ணி முடிக்கற வரைக்கும் காலி பண்ணாதீங்க, கேமராக்காரர் கல்யாண வீடியோ காப்பி பண்ண டிஸ்க் கேட்டார்னா வேற ஒண்ணைக் குடுங்க.